முடியாத கணக்குகள்

1907ஆம் ஆண்டில், அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த அனந்தபூர் மாவட்டத்துக் குத்தி என்னும் ஊரில் டெபுடி கலெக்டராக இருந்தவர் வி. ராமஸ்வாமி அய்யர். உத்தியோகம் வருவாய்த் துறையில், ஆசையெல்லாம் வடிவியலில். புதிதாக ஒரு கணித நூலைப் பார்க்க வேண்டுமென்றால் சொந்தக் காசில் கப்பல் வழியாக வரவழைக்க வேண்டிய காலம் அது. தன்னைப் போலவே கணிதப் பித்துப் பிடித்த சிலருக்கு அவர் கடிதம் போட்டார். எல்லோரும் சந்தா கட்டுவோம், வெளிநாட்டு நூல்களையும் பத்திரிகைகளையும் பொதுவில் வாங்குவோம், அவற்றைத் தபாலில் சுற்றுக்கு விடுவோம் என்று யோசனை சொன்னார். அந்தத் தபால் வட்டம்தான் இந்தியக் கணிதச் சங்கமாக வளர்ந்தது. 1909இல் சொந்தமாக ஒரு பத்திரிகையும் தொடங்கியது.

நான் திருநெல்வேலிச் சீமையில் ஓர் அரசு கலைக் கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் கணிதம் நடத்துகிறேன். ஆராய்ச்சிக் கலாச்சாரத்தை வளர்க்க வேண்டும் என்று எங்களுக்குச் சுற்றறிக்கை வந்துகொண்டே இருக்கிறது. எப்படி வளர்ப்பது என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த பதில் குத்தியில் தொடங்குகிறது. கணிதத்துக்கு விலை உயர்ந்த கருவி வேண்டாம், ஆய்வுக்கூடம் வேண்டாம். ஆகவே ஒரு ஏழை நாட்டில் ஆராய்ச்சி வேர்பிடிக்கப் பணத்தைத் தவிர வேறு என்னவெல்லாம் வேண்டும் என்பதைக் கணிதத்தின் வரலாறு தெளிவாகக் காட்டிவிடுகிறது.

1910இல் அய்யருக்குத் திருக்கோவிலூரில் வேலை. அங்கே ஓர் இளைஞர் நோட்டுப் புத்தகங்களோடு வந்து குமாஸ்தா வேலை கேட்டார். கும்பகோணம் கல்லூரியில் ஆங்கிலத்தில் தேறாததால் உதவித்தொகையை இழந்தவர், எஃப்.ஏ. தேர்விலும் தோற்றவர், பெயர் ராமானுஜன். நோட்டுகளைப் புரட்டிய அய்யர் வேலை கொடுக்கவில்லை. இப்படிப்பட்ட ஒருவரை வருவாய்த் துறையின் கடைசிப் படியில் உட்காரவைத்து வீணடிக்க அவருக்கு மனம் வரவில்லை. சென்னையிலிருந்த கணித நண்பர்களிடம் அனுப்பிவைத்தார். பி.வி. சேஷு அய்யர், நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவ், துறைமுகக் கழகத்தில் எஸ். நாராயண அய்யர் என்று ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு அந்த இளைஞர் போய்ச்சேர்ந்தார். 1912இல் துறைமுக அலுவலகத்தில் மாதம் 30 ரூபாய்க்குக் குமாஸ்தா வேலை கிடைத்தது. அடுத்த ஆண்டு, அவர் எழுதிய கடிதத்துக்குக் கேம்பிரிட்ஜிலிருந்து கணித அறிஞர் ஹார்டியின் பதில் வந்தது. அதே 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை கொடுத்தது. பட்டம் இல்லாத ஒருவருக்கு அன்றைய பல்கலைக்கழகம் அதைச் செய்தது. இன்றைய விண்ணப்பப் படிவத்தில் ராமானுஜனால் முதல் பக்கத்தைத் தாண்ட முடியாது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

1911இல் சங்கப் பத்திரிகையில் ராமானுஜன் வாசகர்களுக்கு ஒரு கேள்வி போட்டார். முதலாமாண்டு மாணவர்களுக்கு அதைக் கட்டாயம் போர்டில் எழுதிக் காட்டுவேன். 3 என்பது 9இன் வர்க்கமூலம். 9ஐ 1 + 2×4 என்று எழுதலாம். அதிலுள்ள 4, 16இன் வர்க்கமூலம். 16ஐ 1 + 3×5 என்று எழுதலாம். அந்த 5, 25இன் வர்க்கமூலம். 25 என்பது 1 + 4×6. இப்படி ஒன்றுக்குள் ஒன்றாக எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம். ராமானுஜன் இதை மறுமுனையிலிருந்து கேட்டார். முடிவில்லாமல் அடுக்கிய வர்க்கமூலங்களை மட்டும் எழுதி, இதன் மதிப்பு என்ன என்றார். மாதக்கணக்கில் யாரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே எழுதினார். விடை 3.

விடையைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். அதைக் கேட்பதற்காகவே ஒவ்வோர் ஆண்டும் இதை நடத்துகிறேன். அடுத்த நிமிடமே யாராவது எழுந்து, "இது சிலபஸ்ல இருக்கா மேடம்?" என்பார்கள். கேட்கும் பிள்ளையை நான் குறை சொல்ல மாட்டேன். பன்னிரண்டு வருடப் பள்ளிப் படிப்பில் அவர்கள் கண்ட கணக்கு ஒவ்வொன்றுக்கும் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் விடை இருந்தது. கல்லூரிக்கு வந்த பிறகும் ஐந்து மார்க் தேற்றம், பத்து மார்க் தேற்றம் என்று பிரித்துத்தான் படிக்கிறார்கள். யாருக்கும் விடை தெரியாத கணக்கு ஒன்று உலகத்தில் உண்டு, அதைத் தானும் தொட்டுப் பார்க்கலாம் என்று அவர்களுக்கு எவரும் சொன்னதில்லை. அதைச் சொல்லவும், சொன்னபின் கைபிடித்து அடுத்த இடத்துக்கு அனுப்பவும் ஆள் இருந்தால்தான் ஆராய்ச்சி பிறக்கும் என்பது என் துணிபு.

எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. செங்கோட்டைக்கு அருகே வல்லம் என்ற ஊரில் 1901இல் பிறந்தவர் எஸ்.எஸ். பிள்ளை. பள்ளி முடிக்கும் தறுவாயில் தந்தை இறந்துபோனார். சாஸ்திரியார் என்ற ஆசிரியர் பண உதவி செய்து படிக்கவைத்தார். நாகர்கோவில், திருவனந்தபுரம் என்று படித்துவிட்டுச் சென்னைக்குப் போன பிள்ளை, அங்கே கே. ஆனந்த ராவிடம் ஆராய்ச்சி கற்றார். ஆனந்த ராவ் மாநிலக் கல்லூரிப் பேராசிரியர், கேம்பிரிட்ஜில் ராமானுஜன் இருந்த காலத்தில் அங்கே படித்தவர். 1929இல் பிள்ளை சிதம்பரத்துக்கு, அப்போதுதான் தொடங்கியிருந்த அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கு ஆசிரியராகப் போனார். அவருடைய மிகச் சிறந்த வேலைகள் அங்கேதான் நடந்தன.

அதில் ஒன்றைப் பத்தாம் வகுப்புப் பிள்ளையாலும் புரிந்துகொள்ள முடியும். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்கங்களின் கூட்டலாக எழுதிவிடலாம். கனங்கள் என்றால் ஒன்பது போதும். ஆறாம் அடுக்குகள் என்றால் எத்தனை வேண்டும்? வாரிங் என்ற ஆங்கிலேயர் 1770இல் எழுப்பிய பிரச்சினையின் ஒரு பகுதி இது. 703ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 3இன் ஆறாம் அடுக்கு 729, அது 703ஐவிடப் பெரியது, உதவாது. மிஞ்சுவது 2இன் ஆறாம் அடுக்கான 64உம், 1உம்தான். பத்து 64 சேர்ந்தால் 640, மீதிக்கு 63 ஒன்றுகள். ஆக 73 வேண்டும். இதுவரை பேப்பரும் பென்சிலும் போதும். எவ்வளவு பெரிய எண்ணானாலும் 73க்கு மேல் தேவைப்படாது என்று நிரூபிப்பதுதான் பெரும்பாடு. 1940இல் பிள்ளை அதை நிரூபித்து வெளியிட்டார். நான்காம் அடுக்குகளுக்கு 19 போதும் என்ற நிரூபணம் 1986 வரை காத்திருந்தது. அதை முடித்த மூவரில் ஒருவரான ஆர். பாலசுப்பிரமணியன் பின்னாளில் சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானார்.

1950 ஆகஸ்ட் 31 அன்று, ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோ அருகே நடந்த விமான விபத்தில் பிள்ளை இறந்தார். வயது 49. குற்றாலத்துக்குக் குளிக்கப் போகும் எங்கள் மாணவர்கள் வல்லத்துக்கு அருகில்தான் போகிறார்கள். அவர் பெயரை முன்பே கேள்விப்பட்டிருந்த ஒரு மாணவரைக்கூட நான் இதுவரை சந்தித்ததில்லை.

அடுத்த தலைமுறைக்கு வழிகாட்டியவர் ஒரு பிரெஞ்சுக்காரர். பாதர் ஷார்ல் ரசீன், இயேசு சபைத் துறவி. பாரிசில் எலி கார்தானிடம் டாக்டர் பட்டம் பெற்றவர். 1937இல் இந்தியாவுக்கு வந்து திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் இருந்தார், பிறகு சென்னை லயோலாவுக்கு வந்தார். அன்றைய பாடத்திட்டம் பழைய கேம்பிரிட்ஜ் தேர்வுமுறையை ஒட்டியது, கடினமான கணக்குகளை வேகமாகப் போடப் பழக்குவது. ரசீன் தன் மாணவர்களிடம் பாரிசில் அப்போது நடந்துகொண்டிருந்த கணிதத்தைப் பற்றிப் பேசினார், புதிய நூல்களைப் படிக்கச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலாக, பட்டம் முடித்ததும் எங்கே போக வேண்டும் என்று சொன்னார். ஹோமி பாபா 1945இல் தொடங்கிய, பம்பாயிலுள்ள டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம்தான் அந்த இடம். அங்கே கணிதப் பிரிவை உருவாக்கியவர் கே. சந்திரசேகரன். அவரும் ஆனந்த ராவின் மாணவர்.

1953இல் ரசீனின் மாணவர்கள் இருவர் பம்பாய்க்கு ரயில் ஏறினார்கள். காஞ்சிபுரத்தில் பிறந்த சி.எஸ். சேஷாத்ரி, வட ஆற்காட்டுத் தண்டரை கிராமத்து விவசாயக் குடும்பத்திலிருந்து வந்த எம்.எஸ். நரசிம்மன். இருவரும் 1932இல் பிறந்தவர்கள். கேட்வே ஆஃப் இந்தியாவுக்கு அருகே பழைய யாட் கிளப் கட்டடத்தில் நிறுவனம் இயங்கிய காலம் அது. சந்திரசேகரன் அங்கே கடைப்பிடித்த ஒரு வழக்கத்தை இன்றைக்கும் எந்தக் கல்லூரியும் கடைப்பிடிக்கலாம். லோரான் ஷ்வார்ட்ஸ், ஸீகல் போன்ற உலகப் பெயர் பெற்றவர்களை அழைத்து வாரக்கணக்கில் வகுப்பெடுக்கச் சொல்வார். அந்த வகுப்புகளை நூலாக எழுதித் தரும் பொறுப்பு மாணவர்களுடையது. மேதை ஒருவர் ஒரு வரியில் தாண்டிப்போகும் இடத்தை எழுதுகிறவர் தாண்ட முடியாது. புரியவில்லையென்றால் அவரிடமே போய்க் கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்டுக் கேட்டு எழுதிய குறிப்புகள் அச்சாகி உலகக் கணித நூலகங்களுக்குப் போயின. எழுதிய இளைஞர்கள் அதற்குள் ஆராய்ச்சியாளர்களாகியிருந்தார்கள். ஷ்வார்ட்ஸின் தொடர்பில் நரசிம்மனும் சேஷாத்ரியும் பாரிசுக்குப் போய் வந்தார்கள். 1965இல் இருவரும் சேர்ந்து வெளியிட்ட தேற்றம் வடிவியலின் தொலைதூரப் பகுதிகள் இரண்டை இணைத்தது. பின்னர் இயற்பியலிலும் அதன் தேவை வந்தது.

சென்னையிலும் ஒன்று நடந்தது. மயிலாப்பூர் லஸ் பகுதியில் 'ஏகாம்ர நிவாஸ்' என்ற தன் வீட்டில் அல்லாடி ராமகிருஷ்ணன் 1959 முதல் மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு கோட்பாட்டு இயற்பியல் செமினார் நடத்தினார். 1960இல் இயற்பியல் மேதை நீல்ஸ் போர் அங்கே வந்தார். இந்தச் சின்னக் குழு தன்னைக் கவர்ந்ததாகப் பத்திரிகையாளர்களிடம் அவர் சொன்னது நேருவின் காதுக்கு எட்டியது. அமைச்சர் சி. சுப்பிரமணியம் முனைப்பெடுத்தார். 1962 ஜனவரி 3ஆம் தேதி கணித அறிவியல் நிறுவனம் பிறந்தது. முதலில் வீட்டுக் கூடத்தில் பேச்சு, பிறகுதான் கட்டடம். இந்த வரிசையை நம் திட்டங்கள் அநேகமாக மாற்றிவிடுகின்றன.

அந்த வீட்டுக்கு வந்துபோனவர்களில் பாகிஸ்தானிய இயற்பியலாளர் அப்துஸ் சலாமும் ஒருவர். தனிமை ஓர் ஆராய்ச்சியாளரை என்ன செய்யும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். கேம்பிரிட்ஜில் பெயரெடுத்துவிட்டு 1951இல் லாகூர் அரசுக் கல்லூரிக்குத் திரும்பினார். ஆராய்ச்சியை மறந்துவிட்டு விடுதிக் காப்பாளர், பொருளாளர், கால்பந்துக் குழுத் தலைவர் ஆகிய மூன்றில் ஒன்றைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் கால்பந்தைத் தேர்ந்தெடுத்தார். தன் துறையைப் பற்றிப் பேச அங்கே ஆளில்லை. 1954இல் மறுபடியும் கேம்பிரிட்ஜுக்குப் போய்விட்டார். தனக்கு நேர்ந்தது அடுத்தவருக்கு நேரக் கூடாது என்று 1964இல் இத்தாலியின் டிரியெஸ்டே நகரில் ஒரு மையத்தைத் தொடங்கினார். வளரும் நாட்டு விஞ்ஞானி தன் ஊரிலேயே வேலை பார்த்துக்கொண்டு, அவ்வப்போது சில மாதங்கள் அங்கே போய்த் தங்கி, பேசி, படித்துத் திரும்பலாம். ஊரை விட்டும் போக வேண்டாம், ஆராய்ச்சியை விட்டும் போக வேண்டாம் என்ற அந்த ஏற்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். தண்டரையில் பிறந்த நரசிம்மன் 1990களில் அந்த மையத்தின் கணிதப் பிரிவுக்குத் தலைவரானார்.

இனி எங்கள் கல்லூரிகளுக்கு வருகிறேன். பல்கலைக்கழக மானியக் குழு விதிப்படி உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடியாக வகுப்பெடுக்க வேண்டும். அதன்பின் விடைத்தாள், அட்மிஷன், உதவித்தொகைப் படிவம், கல்லூரிகளைத் தரமதிப்பிடும் நாக் குழு வருகைக்கான ஃபைல்கள். 2010இல் மானியக் குழு பதவி உயர்வுக்கு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்தது, ஒரு பேப்பருக்கு இத்தனை புள்ளி என்று. ஆசிரியர்கள் ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள். நேரமும் கொடுக்காமல், நூலகமும் கொடுக்காமல், பேப்பரை மட்டும் கேட்டால் என்ன ஆகும்? பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடும் ஜர்னல்கள் முளைத்தன. இன்றைக்கும் என் மின்னஞ்சலைத் திறந்தால் அவற்றின் அழைப்புகள் வரிசையாக நிற்கின்றன. யாரும் படிக்காத, எழுதியவரே மறந்துபோன பேப்பர்கள் பெருகியிருக்கின்றன. திறமையான இளைஞர்களின் நல்ல வருடங்கள் அதில் கரைவதைப் பக்கத்திலிருந்து பார்க்கிறேன், மனம் பதறுகிறது.

பணத்தட்டுப்பாடும் உண்மை. நாட்டின் மொத்த உற்பத்தியில் 1 சதவீதம்கூட நாம் ஆராய்ச்சிக்குச் செலவிடுவதில்லை. தென் கொரியா 4 சதவீதத்துக்கும் மேல் செலவிடுகிறது. அதற்காகக் கேட்டுப் போராடத்தான் வேண்டும்.

ஆனால் என்னை அதிகம் வாட்டுவது பயம். நான் போன வாய்மொழித் தேர்வுகள் சிலவற்றில் ஆய்வு மாணவர் பேசி முடிப்பார், "கேள்வி இருக்கா?" என்று தலைமை வகிப்பவர் கேட்பார், அறை அமைதியாக இருக்கும். கேள்வி கேட்டால் கைடுக்கு மரியாதைக் குறைவு என்று நினைக்கிறார்கள். பிறகு டீ, வடை, சால்வை, போட்டோ. கைடின் வீட்டு வேலைகளைச் செய்து கொடுத்தால்தான் கையெழுத்து விழும் என்று கண்ணீர்விட்ட ஆய்வு மாணவிகளை எனக்குத் தெரியும். இளம் ஆசிரியையாக இருந்தபோது தரமணியில் ஒரு செமினாரில் உட்கார்ந்திருந்தேன். மூத்த பேராசிரியர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். பின்வரிசையிலிருந்து ஒரு சின்னப் பையன், "சார், மூணாவது வரி எப்படி வந்துச்சு?" என்றான். அவர் போர்டைப் பார்த்தார், யோசித்தார், அழித்துவிட்டு மறுபடி எழுதினார். யார் முகமும் சுருங்கவில்லை. எனக்கு அது புது உலகமாக இருந்தது.

வேறு வழி காட்டியவர்களும் உண்டு. சேஷாத்ரி பம்பாயிலிருந்து சென்னைக்குத் திரும்பி, 1989இல் ஸ்பிக் அறிவியல் அறக்கட்டளையின் கீழ் தொடங்கிய கணிதப் பள்ளிதான் இன்றைய சென்னைக் கணிதக் கழகம். தி.நகரில் வாடகை இடத்தில் இருந்தபோதே, 1998இல், இளநிலைப் பட்டப்படிப்பைத் தொடங்கினார்கள். ஆராய்ச்சி செய்கிறவரே பதினெட்டு வயதுப் பிள்ளைக்கும் வகுப்பெடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. பட்டம் வழங்க மத்தியப் பிரதேசத்தின் போஜ் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தைத்தான் அணுக வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்துக்கு அஞ்சி அவர் படிப்பைத் தள்ளிப்போடவில்லை.

எங்களைப் போன்ற ஊர்களுக்கு இன்னும் நெருக்கமானது கணிதப் பேராசிரியர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கிய கோடைப் பயிற்சி. எம்.டி.டி.எஸ். என்று மாணவர்கள் சொல்வார்கள். நாடெங்கும் கல்லூரி மாணவர்களைத் தேர்ந்தெடுத்து நான்கு வாரம் ஓரிடத்தில் தங்கவைத்துக் கணிதம் நடத்துகிறார்கள். பேராசிரியர் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பார், மாணவர்கள்தான் தேற்றத்தைக் கட்டியெழுப்ப வேண்டும். போய்வந்த பிள்ளைகள் வகுப்பில் கையைத் தூக்கத் தொடங்கிவிடுகிறார்கள். சிலர் ஆசிரியர்களை எரிச்சலூட்டும் அளவுக்குத் தூக்குகிறார்கள். எனக்கு அதில் மகிழ்ச்சியே.

எங்கள் துறையில் வியாழக்கிழமை மாலை, பஸ் வரும் நேரம் வரை, விருப்பமுள்ளவர்கள் கூடுகிறோம். இந்த ஆண்டு எஸ்.எஸ். பிள்ளையின் கணக்கு ஒன்றை எடுத்திருக்கிறோம். 1, 4, 8, 9, 16, 25, 27, 32 என்று வர்க்கம், கனம், அதற்கு மேற்பட்ட அடுக்கு எண்களை எல்லாம் வரிசையாக எழுதுங்கள். இவற்றில் இரண்டின் வித்தியாசமாக எந்தெந்த எண்கள் வரும்? 1 என்றால் 9லிருந்து 8. 2 என்றால் 27லிருந்து 25. 7 பல தடவை வரும்: 16லிருந்து 9, 32லிருந்து 25, 128லிருந்து 121, பிறகு நீண்ட தூரம் தள்ளி 32768லிருந்து 32761. இந்த 7ஐப் பற்றி ராமானுஜனும் 1913இல் அதே சங்கப் பத்திரிகையில் ஒரு கேள்வி போட்டிருக்கிறார். எந்த எண்ணும் இப்படி வித்தியாசமாக எண்ணிக்கைக்கு அடங்கிய தடவைகள்தான் வரும் என்று 1930களில் பிள்ளை ஊகித்தார். இன்றுவரை யாரும் அதை நிரூபிக்கவில்லை.

இரண்டாம் ஆண்டு மாணவி ஒருத்தி கம்ப்யூட்டர் லேபில் பைத்தானில் சின்ன புரோகிராம் எழுதிக்கொண்டு வந்தாள். 10 கிடைக்க 2197 வரை போக வேண்டியிருந்தது என்று உற்சாகமாகக் காட்டினாள். "ஆனா 6 வரவே மாட்டேங்குது மேடம். 14ம் வரல. புரோகிராம்ல தப்பா?" புரோகிராம் சரியாகத்தான் இருந்தது. 6 அப்படி வருமா வராதா என்பது யாருக்கும் தெரியாத விஷயம் என்றேன். "யாருக்குமேவா?" என்றாள். அதன்பின் மூன்று பஸ்களை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளை எம்.டி.டி.எஸ்.ஸுக்கு விண்ணப்பிக்கச் சொன்னேன். பரிந்துரைக் கடிதமும் எழுதிவிட்டேன். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், கல்லூரிக்கு வந்து என்னைப் பார்த்தார். "லீவுல பொம்பளப் பிள்ளைய அவ்வளவு தூரம் என்னத்துக்கு டீச்சர் அனுப்பணும்? இதுல வேலை கிடைக்குமா?" என்றார். அந்த நான்கு வாரத்தால் உடனே வேலை கிடைக்காது என்று உள்ளதைச் சொன்னேன். ரயில் செலவும் தங்குமிடமும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு என்றேன். உங்கள் மகளுக்கு வந்திருக்கும் சந்தேகத்துக்கு இந்தக் கல்லூரியில் யாராலும் பதில் சொல்ல முடியவில்லை, அவளோடு உட்கார்ந்து யோசிக்கிறவர்கள் அங்கே இருக்கிறார்கள் என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, துணைக்கு இன்னொரு பிள்ளையும் வந்தால் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். வகுப்பில் ஒரு மாணவியிடம் பேசி வைத்திருக்கிறேன். அவள் வீட்டுக்கும் ஞாயிற்றுக்கிழமை போய்வர வேண்டும்.